முன்பணம் என்னும் சங்கிலி: திண்டிவனம் இருளர்களின் கதை

ஒரு வீடு கட்டப் பல ஆயிரம் செங்கல் வேண்டும். விலை பேசும்போது ஆயிரம் கல் இவ்வளவு என்றுதான் பேசுகிறோம். அந்த ஆயிரம் கல்லை அறுத்தவருக்கும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆனால் அந்தக் கூலி அவர் கைக்கு வருவதற்கு முன்பே, அவருடைய அப்பா வாங்கிய கடனுக்குப் போய்விடுகிறது என்றால்? அந்த அப்பாவின் கூலியும் தாத்தாவின் கடனுக்குப் போயிருந்தது என்றால்?

இது கதையல்ல. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் பழங்குடி இருளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வாழ்க்கை. சொத்து மட்டும்தான் பரம்பரையாக வரும் என்று நினைக்கிறோம். வறுமையும் அப்படித்தான் வருகிறது. அதற்குப் பத்திரம் கிடையாது, பதிவு கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதலாளி எழுதி வைத்த ஒரு தொகை போதும்.

அந்த நோட்டைக் கிழிக்க முயன்றவர்களின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

காட்டிலிருந்து சூளைக்கு

இருளர் தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளில் ஒன்று என மத்திய அரசின் பட்டியலே சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ள ஆறு பழங்குடிகள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். நீலகிரியிலும் கோவைப் பக்கத்திலும் மலை இருளர் இருக்கிறார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வாழ்பவர்கள் சமவெளி இருளர்.

சமவெளி இருளருக்குத் தெரிந்த தொழில்கள் புதர்க்காடும் வயலும் ஏரியும் சார்ந்தவை. பாம்பு பிடிப்பது, வயல் எலி பிடிப்பது, எலி வளையில் சேர்ந்திருக்கும் நெல்லை எடுப்பது, தேன் எடுப்பது, மூலிகை பறிப்பது, மீன் பிடிப்பது. கன்னிமாரை வணங்குகிறார்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். அங்கேயே திருமணங்களும் நடக்கின்றன.

இப்படிப்பட்ட மக்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் எப்படி வந்தார்கள்? ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியது. காடு சார்ந்த பிழைப்பு மெல்லச் சுருங்கியது. 20ஆம் நூற்றாண்டில் பாம்புத்தோல் வியாபாரம் ஓரளவு வருமானம் கொடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளைக் காப்பாற்ற அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் அதனால் பிழைப்பை இழந்த மனிதர்களுக்கு என்ன மாற்று என்று சட்டம் யோசிக்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் மாற்று பிறந்தது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடியும் காட்டில் விடுவார்கள். அந்த விஷம்தான் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. பாம்பு பிடிக்கும் திறமைக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாட்டன் சொல்லிக் கொடுத்த தொழிலே பேரனுக்கு மரியாதை வாங்கித் தந்தது.

ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் எத்தனை பேருக்குச் சோறு போடும்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் எண்ணிக்கை ஏறக்குறைய 1.9 லட்சம். பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு, கிடைத்த கூலி வேலைக்குப் போனார்கள். கையில் காசில்லாதவனிடம் முதலில் வந்து நிற்பது முன்பணம்தான்.

பழைய வேர்

கடனுக்கு ஆளைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருளரோடு தொடங்கியதல்ல. இந்தப் பகுதி முன்பு தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது. (விழுப்புரம் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30 அன்று.) தென்னார்க்காட்டிலும் பக்கத்துச் செங்கல்பட்டிலும் 'படியாள்' முறை வேரூன்றியிருந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காகப் பண்ணையில் ஆயுள் முழுக்க உழைப்பது, தான் செத்தால் மகனை அனுப்புவது என்பதுதான் அந்த முறை. தாழ்த்தப்பட்ட மக்கள்தான் இதில் பெரும்பாலும் சிக்கினார்கள்.

பிரிட்டிஷ் பேரரசின் காலனிகளில் 1834இல் அடிமைமுறை ஒழிந்தது. அப்போது நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். யாருக்குத் தெரியுமா? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இந்தியாவுக்கு 1843இல் 5ஆம் எண் சட்டம் வந்தது. அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டு இனி அங்கீகரிக்காது என்றது அது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வியாபாரத்தைக் குற்றமாக்கியது. ஆனால் கிராமத்தில் ஒன்றும் மாறவில்லை. 'அடிமை' என்ற பெயர் போய் 'கடன்காரன்' என்ற பெயர் வந்தது. வேலை அதே வேலை.

1876-78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அந்தக் காலத்தில் பிழைக்க வழி தேடி இலங்கை, மலேயா, மொரீஷியஸ், நேட்டால், பர்மா என்று கப்பல் ஏறியவர்கள் ஏராளம். ஊரில் மிஞ்சியவர்களின் நிலையை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர். 1891இல் அவர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சாப்பாட்டுக்கும் குடியிருக்கும் மனைக்கும் நிலவுடைமையாளரையே நம்பியிருப்பவன் சட்டப்படி சுதந்திரமானவனாக இருந்தாலும் உண்மையில் சுதந்திரமானவன் அல்ல என்பதே அந்த அறிக்கையின் சாரம். 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அதுதான் இன்று 'பஞ்சமி நிலம்' என்று பேசப்படுவது. அதில் பெரும்பகுதி பின்னால் கைமாறிப் போனது வேறொரு சோகக்கதை.

ட்ரெமென்ஹீர் கண்டுகொண்ட உண்மை இன்றைக்கும் மாறவில்லை. காகிதத்தில் விடுதலை கொடுத்தால் போதாது. காலூன்ற ஒரு துண்டு மண் வேண்டும்.

ஒரு சூளையின் பேரேடு

செங்கல் சூளையில் முன்பணம் எப்படி வேலை செய்கிறது? வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம்.

மழைக்காலத்தில் கூலி வேலை குறையும். வீட்டில் அரிசி இருக்காது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வருவார். முன்பணம் கொடுப்பார். மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போக வேண்டும். மண் குழைப்பது, அச்சில் போட்டுக் கல் அறுப்பது, காய வைப்பது, அடுக்குவது என்று கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் உழைப்பார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத் தலைவன் பெயரில் மட்டும் எழுதப்படும். மனைவியின் உழைப்புக்கும் பிள்ளையின் உழைப்புக்கும் நோட்டில் தனி வரி கிடையாது.

வாரா வாரம் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். அதுவும் கணக்கில் ஏறும். பருவ முடிவில் கணக்குப் பார்ப்பார்கள். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு:

முன்பணம்: 30,000 ரூபாய்.
வாரம் 5,000 கல், ஆயிரத்துக்கு 400 ரூபாய் வீதம் கூலி: 2,000 ரூபாய்.
வாரச் செலவுக்கு வாங்கியது: 1,700 ரூபாய்.
வாரம் மிச்சம்: 300 ரூபாய்.
26 வாரத்தில் மிச்சம்: 7,800 ரூபாய்.
முன்பணத்தில் கழித்தது போக பாக்கி: 22,200 ரூபாய்.
நடுவில் பிள்ளைக்கு வைத்தியச் செலவு: 5,000 ரூபாய்.
ஊர்த் திருவிழாவுக்கு வாங்கியது: 3,000 ரூபாய்.
இறுதிப் பாக்கி: 30,200 ரூபாய்.

ஆறு மாதம் ஒரு குடும்பமே ராத்திரி பகலாக உழைத்த பிறகு கடன் 200 ரூபாய் கூடியிருக்கிறது! இத்தனைக்கும் இந்தக் கணக்கில் வட்டியே போடவில்லை. மழை வந்து பச்சைக்கல் கரைந்தால் அந்த நஷ்டமும் சேர்க்கப்படவில்லை. முதலாளி எழுதும் எண் சரிதானா என்று பார்க்கப் படிக்கத் தெரிந்த ஆளும் வீட்டில் இல்லை.

அடுத்த வருடம் இந்த 30,200 ரூபாய்தான் ஆரம்ப இருப்பு. வேறு சூளையில் கூலி அதிகம் என்றாலும் போக முடியாது. 'பாக்கியை வைத்துவிட்டுப் போ' என்பார் முதலாளி. ஒரு சூளை முதலாளியிடமிருந்து இன்னொருவர் பாக்கியைக் கட்டிக் குடும்பத்தை வாங்கிக்கொள்வதும் உண்டு. ஆடு மாட்டைச் சந்தையில் கைமாற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இதில் மிகப் பெரிய நஷ்டம் பணமல்ல. சூளை நடப்பது பெரும்பாலும் தை முதல் ஆனி வரை. பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை வருவதும் அந்தக் காலத்தில்தான். பிள்ளைகள் வருடா வருடம் பாதியில் பள்ளியை விட்டுவிட்டுப் பெற்றோரோடு போனால் எப்படித் தேறுவார்கள்? படிக்காத பிள்ளை வளர்ந்து மறுபடியும் அதே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குகிறது. சக்கரம் ஒரு சுற்று முடிகிறது.

சட்டம் வந்தது, சங்கிலி போகவில்லை

அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பை அன்றைக்கே தடை செய்துவிட்டது. ஆனால் தனிச் சட்டம் வர 25 வருடம் ஆனது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமாக நிறைவேறியது.

அந்தச் சட்டத்தைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கொத்தடிமைக் கடன் அத்தனையும் ரத்து. யாரும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதற்காகப் பறித்த சொத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. மீறினால் 3 வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்புக் குழு. இவ்வளவு தெளிவான சட்டம் இருந்தும் சூளைகளில் நோட்டுப் புத்தகம் மூடப்படவில்லை.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான். பசியும் ஒருவனைக் கட்டாயப்படுத்தும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக மறுபடியும் பேசியது.

தமிழ்நாட்டின் நிலையை ஆராய உச்சநீதிமன்றம் நியமித்த குழு 1995இல் அறிக்கை கொடுத்தது. மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் இருப்பதாக அது கூறியது. மாநில அரசு அதன்பின் எடுத்த கணக்கில் அடையாளம் கண்டதோ சுமார் 25 ஆயிரம் பேரைத்தான். இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் லட்சக்கணக்கான மனிதர்கள் எங்கே போனார்கள்? யாரும் எங்கும் போகவில்லை. அதிகாரி வந்து கேட்டபோது முதலாளி பக்கத்தில் நின்றிருப்பார். அவரை வைத்துக்கொண்டு எந்தத் தொழிலாளி உண்மையைப் பேசுவார்?

திண்டிவனத்தில் ஒரு சங்கம்

இருளர்களுக்கு முன்பணத்தோடு இன்னொரு பயமும் இருந்தது. அது போலீஸ் பயம். 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களைப் பிறவியிலேயே திருடர் என்றது. நாடு முழுவதும் அந்தச் சட்டம் 1952இல் ரத்தானது. ஆனால் அந்தப் பார்வை ரத்தாகவில்லை. எங்காவது திருட்டு நடந்து ஆள் கிடைக்காவிட்டால் வீடு வாசல் இல்லாத இருளரைப் பிடித்துப் போவது காவல் நிலையங்களின் வழக்கமாகவே இருந்தது. கேட்க நாதியில்லாதவன் மேல்தானே பொய் வழக்கு எளிதாக நிற்கும்?

1993இல் விழுப்புரம் பக்கத்தில் அத்தியூரைச் சேர்ந்த ஓர் இருளர் பெண்ணைப் புதுச்சேரிக் காவலர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கல்யாணி அந்தப் பெண்ணின் நீதிக்காக முன்னின்றார். பிரபா கல்விமணி என்று இன்று அறியப்படுபவர் அவர்தான். வழக்கு பல வருடங்கள் இழுத்தது. ஆனால் அந்தப் போராட்டத்தின்போது ஒரு விஷயம் தெளிவானது. இது ஒரு பெண்ணின் பிரச்சினை மட்டுமல்ல. ஊருக்கு ஐந்து வீடு, பத்து வீடு என்று சிதறிக் கிடக்கும் ஒரு சமூகமே குரலில்லாமல் இருக்கிறது.

அதிலிருந்து 1990களின் நடுவில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு உருவானது. பொய் வழக்குக்கு எதிராக மனு, கொத்தடிமையாக இருப்பவர்களை மீட்பது, ரேஷன் கார்டு, மனைப்பட்டா, சாதிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகச் சங்கம் எடுத்துப் போராடியது.

சாதிச் சான்றிதழ் என்றால் பலருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். இருளருக்கு அது மலை ஏறுவது போன்றது. 1989 நவம்பருக்குப் பின் தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் விசாரித்துக் கொடுக்க வேண்டும். போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த விதி அது. ஆனால் அப்பா படிக்கவில்லை, தாத்தா படிக்கவில்லை, வீட்டில் ஒரு காகிதம் கூட இல்லை என்னும் குடும்பம் எதைக் காட்டி நிரூபிக்கும்? அலைந்து அலைந்து கூலி போனதுதான் மிச்சம் என்று பலர் விட்டுவிட்டார்கள். சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, மேல்படிப்பு இல்லை. பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டோடும் பல பிள்ளைகளின் படிப்பு நின்றது இதனால்தான்.

சங்கம் செய்த பெரிய காரியம் இதுதான்: தனி ஆளாகச் சார் ஆட்சியர் அலுவலக வாசலில் கைகட்டி நின்றவர்களைக் கூட்டமாக உள்ளே அழைத்துப் போனது. 2011 நவம்பரில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தின் திருக்கோவிலூர் அருகே நான்கு இருளர் பெண்கள் காவலர்கள் மீதே புகார் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் பல வருட அமைப்பு வேலை இருந்தது.

2021இல் வெளியான 'ஜெய்பீம்' படத்துக்குப் பிறகுதான் பலருக்கு இருளர் என்ற பெயரே தெரிந்தது. அந்தப் படத்துக்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டு வழக்கில் இறந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் அதை இருளர் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னது. இரண்டு சமூகங்களின் அனுபவமும் அவ்வளவு ஒத்துப்போனது என்பதே வேதனையான விஷயம்.

இதே ஊரில் படித்த ஒரு பையன்

நம்பிக்கை என்பது வெறும் வார்த்தையா? திண்டிவனத்துக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு.

ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் முனுசாமி என்ற பையன் பிறந்தான். திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்தான். கெட்டிக்கார மாணவன். மதம் மாற மறுத்ததால் அங்கே படிப்பைத் தொடர முடியவில்லை. குடும்பம் பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்தப் பையன்தான் பின்னாளில் சுவாமி சகஜானந்தர். தனக்குப் பாதியில் நின்ற படிப்பு மற்றவர்களுக்கு நிற்கக் கூடாது என்று 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சட்டமன்றத்திலும் இருந்தார். 1959இல் இறந்தார். அவர் தொடங்கிய பள்ளியில் படித்துத் தங்கள் குடும்பத்தின் முதல் அரசு ஊழியரானவர்கள் எத்தனையோ பேர்.

ஒருவர் படித்தால் ஒரு குடும்பம் மாறும். அவர் பள்ளி கட்டினால் ஒரு வட்டாரமே மாறும். பேராசிரியர் கல்விமணி திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தியதும் இதே வழிதான். சூளை நோட்டைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் 30,200 என்ற எண்ணை முதலாளி அவ்வளவு சுலபமாக எழுதிவிட முடியாது.

ஆனாலும் போக வேண்டிய தூரம் அதிகம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடம் அது 54 சதவீதம் மட்டுமே.

விடுதலைக்கு அடுத்த நாள்

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள்தான். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படம் அப்போது பத்திரிகைகளில் வந்து பலரை உலுக்கியது. சட்டம் வந்து 43 வருடத்துக்குப் பிறகு!

மீட்பு முக்கியம்தான். அதைவிட முக்கியம் அடுத்த நாள். விடுதலைச் சான்றிதழ் கையில் இருக்கிறது, பழைய கடன் ரத்து. சரி. நாளைக்குச் சோறு? அதற்குப் பதில் இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் வேறொரு மேஸ்திரி வருவார்.

நேபாளத்தில் இதுதான் நடந்தது. 2000 ஜூலை 17 அன்று அந்த நாட்டு அரசு 'கமையா' என்னும் கொத்தடிமை முறையை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. பல்லாயிரம் தாரு இனக் குடும்பங்கள் ஒரே நாளில் விடுதலையாயின. ஆனால் நிலமும் வீடும் தயாராக இல்லை. பண்ணையார் வெளியே அனுப்பிவிட்டார். சாலையோரத்தில் பிளாஸ்டிக் கொட்டகையில் காலம் தள்ள நேர்ந்தது. விடுதலை ஒரு நாளில் வந்துவிட்டது. நிலத்துக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இந்தியாவில் மறுவாழ்வுத் தொகை 1978இல் 4,000 ரூபாய். 2000இல் 20,000 ரூபாய். 2016இல் மத்திய அரசு திட்டத்தை மாற்றி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் என்று உயர்த்தியது. தொகை நல்ல தொகைதான். ஆனால் முழுத் தொகை கிடைப்பது குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைக்கப்பட்டது. உடனடி நிவாரணம் மட்டும் முன்கூட்டியே கிடைக்கும். வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயிறு அதுவரை காத்திருக்குமா?

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் கொத்தடிமையிலிருந்து மீண்டவர்களே சேர்ந்து நடத்தும் செங்கல் சூளை ஒன்று 2022இல் மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு தொடங்கியது. பெயர் 'சிறகு'. அதே மண், அதே அச்சு, அதே வெயில். நோட்டு மட்டும் அவர்கள் கையில்!

நம்பிக்கையின் பொருளாதாரம்

'ஏழைகளுக்கு முன்னேற ஆசையில்லை, கிடைக்கிற காசைச் செலவு செய்துவிடுவார்கள்' என்று பேசுபவர்கள் உண்டு. இது சரியா?

பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ 2012இல் ஆற்றிய ஓர் உரையில் இதைத் தலைகீழாகத் திருப்பினார். நம்பிக்கையின்மையே மனிதனை வறுமையில் கட்டிப்போடும் என்பது அவர் வாதம். எவ்வளவு உழைத்தாலும் நிலைமை மாறாது என்று தெரிந்தவன் ஏன் சேமிப்பான்? பிள்ளையை ஏன் பள்ளிக்கு அனுப்புவான்? மேலே உள்ள சூளைக் கணக்கை மறுபடியும் பாருங்கள். அதில் இன்னும் கொஞ்சம் அதிகம் உழைத்தால் பலன் யாருக்கு? அந்த நிலையில் முயற்சி செய்யாமல் இருப்பது சோம்பல் அல்ல, சரியான கணக்கு!

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் மிக ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு, மாடு போன்ற ஒரு சொத்து, சில மாதச் செலவுத் தொகை, பயிற்சி, சேமிப்பு வசதி எல்லாம் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2015இல் வெளியாயின. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் செலவும் சொத்தும் கூடியிருந்தன. மன நலத்திலும் முன்னேற்றம் இருந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? நம்பிக்கை வானத்திலிருந்து இறங்குவதில்லை. அதற்கும் மூலதனம் வேண்டும். ஒரு மனைப்பட்டா மூலதனம். ஒரு சாதிச் சான்றிதழ் மூலதனம். பள்ளியில் தொடர்ந்து படிக்கும் ஒரு பிள்ளை மூலதனம். அழைத்தால் ஓடி வரும் ஒரு சங்கம் மூலதனம். இவை கையில் இருப்பவன்தான் மேஸ்திரி நீட்டும் பணத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். அந்த ஒரு சொல்லில்தான் தலைமுறைச் சங்கிலியின் முதல் கண்ணி அறுகிறது.

நம்பிக்கை இருந்தால் மட்டும் போதும், எல்லாம் மாறிவிடும் என்று சொல்வது ஏழையை ஏமாற்றுவது. நம்பிக்கையே வேண்டாம், அரசு பணம் கொடுத்தால் போதும் என்று சொல்வதும் பாதி உண்மைதான். 1976இல் வந்த சட்டத்தைச் சூளை வரைக்கும் கொண்டு போனது, இது மாறும் என்று நம்பிச் சார் ஆட்சியர் அலுவலகப் படியைத் திரும்பத் திரும்ப ஏறிய மனிதர்கள்தான்.

விழுப்புரம் மாவட்டத்துச் சாலைகளில் போகும்போது ஏரிக்கரை ஓரம் தார்ப்பாய் போட்ட குடிசைகள் இன்னும் கண்ணில் படும். அந்தக் குடிசைகளிலிருந்து பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வெளியே வருவதும் கண்ணில் படும். அந்தப் பிள்ளைகள் தை மாதத்துக்குப் பிறகும் அதே பள்ளியில் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அடுத்த முறை ஆயிரம் செங்கல் விலை விசாரிக்கும்போது, கல் அறுத்தவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்றும் சேர்த்தே விசாரியுங்கள் நண்பர்களே. படிக்கவில்லை என்று தெரிந்தால் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதுங்கள். சட்டம் தயாராகத்தான் இருக்கிறது. எழுதுவதற்குத்தான் ஆள் வேண்டும்.